மன்றம், போட்டி, திறன் தேர்வு: கடலூர், புதுச்சேரிப் பள்ளிப் பெற்றோரும் மாணவரும் கேட்கும் கேள்விகள்

6 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும், மன்றப் பொறுப்பை முதன்முறையாக ஏற்கும் ஆசிரியர்களுக்கும் இந்தத் தொகுப்பு. தொகைகளும் தகுதி விதிகளும் அரசாணைக்கேற்ப மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் ஆண்டின் சுற்றறிக்கையைத் தலைமையாசிரியரிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

எங்கள் வீடு ரெட்டிச்சாவடி பக்கம், கடலூர் மாவட்டம். பெண் படிப்பது புதுச்சேரி அரசுப் பள்ளியில். அவளுக்கு எந்த மாநிலத்துத் திட்டங்கள் பொருந்தும்?

பள்ளி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்துத் திட்டங்கள்தான். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போகிறவருக்கு முள்ளோடையில் எல்லை தாண்டியது தெரியாமல் போகலாம். விண்ணப்பப் படிவத்துக்கு அது நன்றாகத் தெரியும்.

வானவில் மன்றம், கலைத் திருவிழா, நான் முதல்வன், ஊரகத் திறனாய்வுத் தேர்வு, முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு எல்லாம் தமிழ்நாட்டுத் திட்டங்கள். புதுச்சேரிப் பள்ளியில் படிக்கும் பிள்ளை அவற்றில் சேர முடியாது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன, 10, 12ஆம் வகுப்புகள் 2025இல் முதன்முறையாக அந்த வாரியத்தின் பொதுத்தேர்வை எழுதின. அங்கே பள்ளிக்கல்வித் துறை நடத்தும் கண்காட்சிகளும் போட்டிகளும் தனி வரிசை.

இரு பக்கத்துக்கும் பொதுவானவை மத்திய அரசுத் திட்டங்கள்: என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு, இன்ஸ்பயர் மானக் (புதுமை யோசனைப் போட்டி), கலா உத்சவ் (கலைப் போட்டி), தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, இஸ்ரோவின் யுவிகா (இளம் விஞ்ஞானி முகாம்), என்.சி.சி. (தேசிய மாணவர் படை), என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்). இவற்றிலும் மாவட்ட, மாநிலச் சுற்றுகள் பள்ளி இருக்கும் இடத்தை வைத்தே நடக்கும்.

பள்ளி மாற்றுவதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். தமிழ்நாட்டில் மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டைப் பெற, 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் 8ஆம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் அது உண்டு. இடையில் இரண்டு வருடம் எல்லைக்கு அந்தப் பக்கம் படித்துவிட்டுத் திரும்பினால் அந்தக் கதவு மூடிவிடும். "நல்ல கோச்சிங் இருக்கிறது" என்று 9ஆம் வகுப்பில் பள்ளி மாற்றுகிற வீடுகளில் இதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

பள்ளியில் எத்தனையோ மன்றம் இருக்கிறது. எத்தனையில் சேரலாம்?

இரண்டு. அதற்கு மேல் சேருவது பெயர்ப் பட்டியலுக்கு மட்டும்தான் உதவும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இலக்கிய மன்றம், வினாடி வினா மன்றம், சிறார் திரைப்பட மன்றம், சுற்றுச்சூழல் மன்றம், ஜே.ஆர்.சி. (இளம் செஞ்சிலுவைச் சங்கம்), சாரணர் இயக்கம் போன்றவை இருக்கும். 6 முதல் 8 வரை படிப்பவர்களுக்கு அறிவியலையும் கணக்கையும் செய்து பார்த்துக் கற்கும் வானவில் மன்றம் 2022 நவம்பரில் தொடங்கியது. மகிழ் முற்றத்தை மன்றம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பள்ளிப் பிள்ளைகள் எல்லோரையும் ஐந்து அணியாகப் பிரிக்கும் ஏற்பாடு. அதில் சேர்வதா வேண்டாமா என்ற கேள்வியே இல்லை.

தேர்ந்தெடுக்கும்போது கையால் செய்கிற ஒன்று, வாயால் பேசுகிற ஒன்று என்று எடுப்பது நல்லது. சுற்றுச்சூழல் மன்றமும் இலக்கிய மன்றமும் சேர்ந்தால் ஒன்றில் திரட்டிய தகவல் மற்றதில் மேடையேறும். இரண்டு வருடமாவது அதே மன்றத்தில் இருக்கட்டும். முதல் வருடம் எல்லாப் பிள்ளைகளும் பார்வையாளர்கள்தான். மாவட்டச் சுற்றுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வருடத்துப் பிள்ளைகள்.

என்.சி.சி., சாரணர், என்.எஸ்.எஸ்.: எதை எப்போது தொடங்க வேண்டும்?

வகுப்பைப் பொறுத்து முடிவு தானாகவே வந்துவிடும். சாரணர் இயக்கத்தில் பிரவேஷ், பிரதம சோபான், த்விதீய சோபான், த்ருதீய சோபான் என்று படிப்படியாகத் தேறிய பிறகுதான் ஆளுநர் கையெழுத்திடும் ராஜ்ய புரஸ்கார். படிகளுக்கு இடையே காத்திருப்புக் காலம் உண்டு. 6ஆம் வகுப்பில் சேர்ந்தால்தான் 9, 10க்குள் அந்த விருதைத் தொட முடியும்.

என்.சி.சி. இளநிலைப் பிரிவு இரண்டு வருடப் பயிற்சி. 8ஆம் வகுப்பில் சேர்வது வழக்கம். 'ஏ' சான்றிதழ்த் தேர்வுக்கு 75 சதவீத அணிவகுப்பு வருகையும் முகாமும் வேண்டும். 9ஆம் வகுப்பில் சேர்ந்தால் இரண்டாம் வருடம் 10ஆம் வகுப்புப் பொதுத்தேர்வோடு மோதும், வருகை குறையும், சான்றிதழ் நழுவும்.

என்.எஸ்.எஸ். மேல்நிலை மாணவர்களுக்கு. ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, கூடவே 7 நாள் சிறப்பு முகாம். முகாமுக்குப் போகாமல் மணி நேரக் கணக்கை மட்டும் முடித்தால் முழுச் சான்றிதழ் கிடைக்காது.

எங்கள் பள்ளியில் அறிவியல் மன்றம் பெயருக்குத்தான் இருக்கிறது. புதிதாக உயிர் கொடுக்க என்ன வேண்டும்?

20 முதல் 25 பிள்ளைகள், ஒரு பொறுப்பாசிரியர், வாரத்தில் ஒரு பாடவேளை, பூட்டக்கூடிய ஓர் அலமாரி. பணம் அதற்குப் பிறகுதான் வரும்.

நான்கு நோட்டுகள் வேண்டும்: கூட்டக் குறிப்பு, வருகை, இருப்புப் பதிவேடு, செலவு வவுச்சர் ஒட்டும் நோட்டு. இருப்புப் பதிவேடு இல்லாத மன்றத்தில் டிசம்பருக்குள் பொருள் பாதி காணாமல் போயிருக்கும். அடுத்த ஆண்டு தலைமையாசிரியர் கையெழுத்திடத் தயங்குவார். இருப்பையும் வருகையையும் பிள்ளைகளே எழுதட்டும், ஆசிரியர் வாரம் ஒருமுறை கையெழுத்திட்டால் போதும்.

நாள்காட்டியை வானிலை பார்த்துப் போட வேண்டிய ஊர் இது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் பிடித்தால் டிசம்பர் வரை எந்த நாள் விடுமுறை அறிவிப்பு வரும் என்று சொல்ல முடியாது. அதன் பின்னால் அரையாண்டுத் தேர்வு, பொங்கல், திருப்புதல் தேர்வு. ஆகவே வெளியே போய்ச் செய்யும் வேலையில் பெரும்பங்கை ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் முடித்துவிடுங்கள். எழுதுவது, வரைவது, பேசிப் பழகுவது மழைக்காலத்துக்கு இருக்கட்டும்.

குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு எப்படிப்பட்ட ஆய்வு எடுபடும்?

1993 முதல் தேசிய அளவில் நடக்கும் மாநாடு இது. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் வழிகாட்டி ஆசிரியர் ஒருவரோடு சிறு குழுவாகத் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை ஆய்ந்து அறிக்கை தர வேண்டும். தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுச்சேரியில் புதுவை அறிவியல் இயக்கமும் இதைப் பல ஆண்டுகளாக ஒருங்கிணைத்து வந்திருக்கின்றன. மாதிரி செய்து காட்டும் கண்காட்சி வேறு, இது வேறு. இங்கே நடுவர் முதலில் கேட்பது உங்கள் அளவீட்டுப் பட்டியலைத்தான்.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகவே பார்ப்போம்: "எங்கள் ஊர்க் கிணற்று நீரில் உப்பு ஏறுகிறதா?" தேவனாம்பட்டினம், முதுநகர், பரங்கிப்பேட்டை, வீராம்பட்டினம், நரம்பை என்று கரையோர ஊர் எதிலும் இதைச் செய்யலாம்.

கரையிலிருந்து அரை, 1, 2, 4 கிலோமீட்டர் தொலைவில் தொலைவுக்கு மூன்று நீர்நிலை எடுங்கள். மொத்தம் 12. ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை மாதம் இருமுறை அளந்தால் 96 அளவீடு. ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்து சராசரி எழுதுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் அளவு கிடைத்துவிடும் என்பதுதான் இந்தக் கால அட்டவணையின் பலம். மழை மாதங்களில் கிணற்றுக்குப் போவதைத் தவிர்க்க முடியாது. மாற்று நாள் ஒன்றை முன்கூட்டியே குறித்து வையுங்கள். கருவி ஒன்று போதும்: நீரில் கரைந்த திடப்பொருளை அளக்கும் பேனா வடிவ டி.டி.எஸ். மீட்டர், சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்.

தவறு நடக்கும் இடங்கள்:

அடிபம்பிலோ மோட்டாரிலோ முதலில் வரும் தண்ணீர் குழாயில் தேங்கியது. ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகே பிடிக்க வேண்டும். பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள்.

மீட்டரைக் கோடு போட்ட அளவுக்கு மட்டும் அமிழ்த்தி, எண் நிலைத்த பிறகு படிக்க வேண்டும். அடுத்த மாதிரிக்குப் போகுமுன் முனையைக் காய்ச்சி வடித்த நீரில் கழுவாவிட்டால் முந்தைய உப்பு அடுத்த கிணற்றின் கணக்கில் ஏறும். ஒரே மீட்டரைக் கடைசி வரை பயன்படுத்துங்கள். இரண்டு மீட்டர் ஒரே நீரில் வேறு வேறு எண் காட்டுவது சாதாரணம்.

கடல்நீரையும் உப்பனாற்று நீரையும் நேராக அளந்தால் மீட்டர் பிழை காட்டும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. சாதாரண மீட்டரின் எல்லை பத்தாயிரம் பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்) அருகில். ஒரு பங்கு கடல்நீரோடு ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்து அளந்து, வந்ததைப் பத்தால் பெருக்குங்கள்.

இவற்றைவிடப் பெரிய தவறு, ஆழத்தைக் குறிக்காமல் விடுவது. கடலூர்ப் பகுதியில் மேல்மட்டத்து நீரும் ஆழத்து மணற்கல் அடுக்கின் நீரும் வேறு வேறு. 40 அடி அடிபம்பையும் 400 அடி போர்வெல்லையும் ஒரே பட்டியலில் போட்டுவிட்டு "கடலுக்குப் பக்கத்தில்தான் நல்ல தண்ணீர்" என்று முடிவு எழுதினால் முதல் கேள்வியிலேயே சரிந்துவிடும். வீட்டுக்காரரிடம் ஆழம் எத்தனை அடி, எந்த வருடம் போட்டது, பக்கத்தில் இறால் பண்ணை உண்டா என்று கேட்டு எழுதுங்கள்.

ஒப்பிடுவதற்கு இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது: குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதி. உங்கள் எண்ணை இதன் பக்கத்தில் வைத்தால் அறிக்கை தானே பேசும்.

டி.டி.எஸ். மீட்டர் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று மட்டுமே சொல்லும், எது கரைந்திருக்கிறது என்று சொல்லாது. எண் அதிகம் என்பதாலேயே "தொழிற்சாலைக் கழிவு" என்று எழுதும் அறிக்கைகள் ஆண்டுதோறும் வருகின்றன. பிள்ளையின் சந்தேகம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கருவியை வைத்து அதைச் சொல்ல முடியாது. குளோரைடு, கடினத்தன்மைச் சோதனைகளைப் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் டைட்ரேஷன் மூலம் செய்து பார்க்கலாம். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. தலைமையாசிரியர் கடிதத்தோடு அணுகி ஐயம் கேட்பதில் தவறில்லை.

இன்ஸ்பயர் மானக்குக்கு யோசனை அனுப்பினோம், தேர்வாகவில்லை. ஏன்?

பெரும்பாலும் யோசனை பழசாக இருக்கும். பார்வையற்றோருக்குச் சென்சார் கைத்தடி, இருட்டினால் எரியும் தெருவிளக்கு, மழை வந்தால் தானே மடங்கும் துணிக்கொடி ஆகியவற்றை நாடு முழுக்கப் பிள்ளைகள் ஆண்டுதோறும் அனுப்புகிறார்கள். யூடியூபில் தேடினால் கிடைக்கிற எதையும் அனுப்பாதீர்கள்.

பதிவு செய்வது பள்ளிதான், மாணவர் தனியாகச் செய்ய முடியாது. பள்ளிக்கு ஐந்து யோசனை வரை என்பது வழக்கமான வரம்பு. தேர்வானால் மாதிரி செய்வதற்கு 10,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். பிறகு மாவட்டம், மாநிலம், தேசியம் என்று கண்காட்சி.

யோசனையை எழுதும்போது கருவியிலிருந்து தொடங்காமல், கஷ்டப்படுகிற ஆளிலிருந்து தொடங்குங்கள். பண்ருட்டியில் முந்திரிக் கொட்டை உடைக்கிற பெண்களின் கையை ஓட்டின் எண்ணெய் புண்ணாக்குகிறது. பலாவை அரிந்தால் பால் கத்தியிலும் கையிலும் ஒட்டுகிறது. ஐஸ் பெட்டியைத் தலையில் சுமந்து மீன் விற்கும் அம்மாவுக்குக் கழுத்து வலி. இப்படி ஒருவரைச் சொல்லி, இப்போது அவர் என்ன செய்கிறார், அதில் எது சரியில்லை, உங்கள் மாற்றம் எங்கே என்று நான்கு பத்தியில் எழுதினால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். படம் கையால் வரைந்ததாக இருக்கலாம். அளவுகள் குறித்திருக்க வேண்டும்.

ரோபோ பள்ளியில் நன்றாக ஓடியது, கண்காட்சியில் ஓடவில்லை. எப்போதும் இப்படித்தான் நடக்கிறது. காரணம் என்ன?

அடல் டிங்கரிங் ஆய்வகம் (கருவிகள் செய்து பழகும் கூடம்) உள்ள பள்ளி, இல்லாத பள்ளி எதுவானாலும் காரணங்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான்.

முதல் சந்தேகம் பேட்டரி. 9 வோல்ட் செவ்வக பேட்டரியால் இரண்டு மோட்டாரை இழுக்கும் மின்னோட்டத்தைத் தர முடியாது. மோட்டார் கிளம்பும் நொடியில் மின்னழுத்தம் விழுந்து, ரோபோவின் மூளையான ஆர்டுயினோ பலகை மீண்டும் மீண்டும் ரீசெட் ஆகும். பிள்ளைகள் புரோகிராமில் பிழை தேடிக்கொண்டிருப்பார்கள். 18650 என்ற லித்தியம் செல் இரண்டைத் தொடராக இணைத்தால் 7.4 வோல்ட் கிடைக்கும். எல்298என் மோட்டார் டிரைவர் அதில் சுமார் 2 வோல்ட்டைத் தானே தின்றுவிடும். மீதி சிறிய கியர் மோட்டாருக்குப் போதும். மோட்டாருக்கும் ஆர்டுயினோவுக்கும் தனித்தனி பேட்டரி வைத்தால் இரண்டின் கிரவுண்ட் கம்பியையும் சேர்த்தே ஆக வேண்டும். சேர்க்காவிட்டால் சக்கரம் இஷ்டத்துக்கு ஆடும்.

கோடு பின்தொடரும் வண்டி ஜன்னல் ஓரத்து மேசையில் தடுமாறினால் சூரியனைப் பாருங்கள். வெயிலில் அகச்சிவப்புக் கதிர் இருக்கிறது, சென்சார் குழம்புகிறது. சென்சாரைச் சுற்றிக் கறுப்புச் சார்ட்டால் பாவாடை கட்டுங்கள். கண்காட்சிக் கூடத்திலேயே ஒருமுறை திருகாணியைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். அல்ட்ராசோனிக் சென்சார் 2 செ.மீ.க்குள் இருப்பதை அளக்காது. துணி, ஸ்பஞ்சு போன்றவை ஒலியை விழுங்கிவிடும். செயல்விளக்கத்துக்கு மரப்பலகையைத் தடையாக வையுங்கள். பார்க்க வந்தவரின் புடவையை நம்பாதீர்கள்.

நம் ஊருக்கென்றே ஒரு தொல்லை உப்புக் காற்று. ஜம்பர் கம்பியின் முனைகளில் சில மாதங்களில் பச்சை பூக்கும். இறுக்கி மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். கண்காட்சிக்குக் கிளம்பும்போது மாற்றுக் கம்பி பத்து, இரண்டு செட் சார்ஜ் ஏற்றிய செல், ஸ்க்ரூ டிரைவர், இன்சுலேஷன் டேப், பவர் கார்டு கட்டாயம்.

தமிழில் பேசவும் எழுதவும் நன்றாக வரும் பிள்ளைக்கு என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டில் தமிழ் வளர்ச்சித் துறை தலைவர்களின் பிறந்தநாளையொட்டி மாவட்ட அளவில் பேச்சுப் போட்டி நடத்துகிறது. பள்ளிப் பிரிவில் 5,000, 3,000, 2,000 ரூபாய்ப் பரிசுகள். அரசுப் பள்ளி மாணவர் இருவருக்குத் தனியாகச் சிறப்புப் பரிசும் உண்டு. திருக்குறள் முற்றோதலில் 1330 குறளும் சொல்லத் தெரிந்தால் 15,000 ரூபாய். அடியைச் சொன்னால் குறள், எண்ணைச் சொன்னால் குறள், அதிகாரத்தைச் சொன்னால் பத்தும் என்று எப்படித் திருப்பிக் கேட்டாலும் வர வேண்டும். நாளுக்கு 5 குறள் என்றால் ஒன்பது மாதத்தில் முடியும். புதுப்பாடத்தைவிடப் பழையதைத் திருப்பிச் சொல்வதற்கு இரட்டிப்பு நேரம் ஒதுக்குங்கள்.

பேச்சுப் போட்டியில் தோற்பவர்களில் பாதிப்பேர் முழு உரையையும் மனப்பாடம் செய்தவர்கள். ஒரு வரி மறந்தால் எல்லாமே நின்றுவிடும். தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் வரி வரியாக வைத்துக்கொண்டு, நடுவில் நான்கு குறிப்புச் சொல்லோடு பேசிப் பழகட்டும்.

உதவித்தொகை தரும் தேர்வுகள் எவை? தேர்வான பிறகும் பணம் வரவில்லை என்கிறார்களே?

8ஆம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். அரசு, அரசு உதவிபெறும் பள்ளியில் படிக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள். மனத்திறன் 90 வினா, படிப்பறிவு 90 வினா, ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். தேர்வானால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், மொத்தம் 48,000.

தமிழ்நாட்டுக் கிராமப்புறப் பள்ளியில் 9ஆம் வகுப்புப் படிப்பவர்களுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு: மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர், ஆண்டுக்கு 1,000 ரூபாய். தொகை சிறியதுதான், தேர்வெழுதும் பழக்கத்துக்கு நல்ல வாய்ப்பு. 11ஆம் வகுப்பில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு: 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு ஆண்டுகள். தனியார் பள்ளி மாணவரும் எழுதலாம். 10ஆம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல்தான் அடிப்படை. அரசுப் பள்ளி மாணவருக்கு முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு: 1,000 பேருக்குப் பட்டப்படிப்பு முடியும் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். 9, 10ஆம் வகுப்புக் கணக்கு, அறிவியல், சமூக அறிவியலிலிருந்து வினா வரும். 10ஆம் வகுப்புப் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டால் 11இல் தமிழ்த் தேர்வுக்குக் கடன் வாங்கிப் படிக்க வேண்டியிருக்கும்.

பணம் வராததற்குக் காரணம் பெரும்பாலும் பதிவுதான். என்.எம்.எம்.எஸ்.இல் தேர்வானவர் தேசிய உதவித்தொகைத் தளத்தில் தன்னைப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். பள்ளி அதைச் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். இந்த மூன்றில் ஒன்று விட்டாலும் அந்த ஆண்டுப் பணம் போய்விடும். வங்கிக் கணக்கு மாணவர் பெயரில், ஆதார் இணைப்போடு, செயல்பாட்டில் இருக்க வேண்டும். 10ஆம் வகுப்பில் 60 சதவீதம், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 55 சதவீதம் எடுத்தால்தான் 11ஆம் வகுப்பில் தொகை தொடரும். 10 முடித்து வேறு பள்ளிக்குப் போகிறபோதுதான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். பழைய பள்ளி "போய்விட்டான்" என்று நினைக்கும், புதிய பள்ளிக்கு இவன் தேர்வானவன் என்றே தெரியாது. மாற்றுச் சான்றிதழ் வாங்கும் நாளிலேயே உதவித்தொகைப் பதிவு எண்ணையும் எழுதி வாங்கி, புதிய பள்ளியில் முதல் வாரமே சொல்லிவிடுங்கள்.

பள்ளியில் "ஒலிம்பியாட்" என்று கட்டணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

விருப்பம் இருந்தால் பயிற்சிக்காகக் கட்டலாம். ஆனால் உலக ஒலிம்பியாடுக்கு இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் பாதை வேறு. கணிதத்தில் ஐ.ஓ.க்யூ.எம். என்ற முதல்நிலைத் தேர்வு: 3 மணி நேரம், 30 வினா, விடை எல்லாம் இரண்டு இலக்க முழு எண். அறிவியல் பாடங்களுக்கு இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் நவம்பர் வாக்கில் நடத்தும் தேர்வுகள். 10ஆம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு இளையோர் அறிவியல் பிரிவு. இவற்றில் தேறியவர்களை மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்லும். பள்ளியில் முக்கால்வாசிப் பேருக்குப் பதக்கம் தருகிற தேர்வு எதுவும் இந்தப் பாதையில் இல்லை.

விளையாட்டில் மாவட்ட அளவில் வென்றிருக்கிறான். இது கல்லூரிக்கு உதவுமா?

மாவட்டச் சான்றிதழ் மட்டும் போதாது. தமிழ்நாட்டில் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மண்டலம், மாநிலம் என்று படி உண்டு. அதற்கு மேல் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டி. மாநில அணிக்காக அங்கே ஆடியவர்களுக்குக் கிடைப்பதுதான் அரசு வேலைவாய்ப்பு வரை மதிக்கப்படும் நான்காம் படிவம். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் உண்டு. எந்த நிலைக்கு எத்தனை மதிப்பெண் என்பதை அந்த ஆண்டின் கையேட்டில் பாருங்கள். கடலூர் அண்ணா விளையாட்டரங்கம், புதுச்சேரி உப்பளம் மைதானம் இரண்டிலும் பயிற்சிக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். 14, 17, 19 வயதுப் பிரிவுகளில் வயதுச் சான்று சரியில்லாமல் களத்திலிருந்து திருப்பி அனுப்பப்படுவது வேதனையான விஷயம். பிறப்புச் சான்றிதழை முன்கூட்டியே சரிபாருங்கள்.

மற்ற மன்றச் சான்றிதழ்களுக்குச் சேர்க்கையில் மதிப்பு உண்டா?

பொறியியல், மருத்துவத் தரவரிசையில் இல்லை. அரசு கலைக் கல்லூரிச் சேர்க்கையில் சிறப்புப் பிரிவில் என்.சி.சி.க்கு இடம் உண்டு. நேரடியாக மதிப்பெண் தருவது யுவிகா. 9ஆம் வகுப்பு மாணவர்களை இரண்டு வாரம் இஸ்ரோ மையங்களுக்கு அழைத்துச் செல்லும் இந்தத் திட்டத்தில், அண்மை ஆண்டுகளின் கணக்கு இது: 8ஆம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50, இணையவழி வினாடி வினாவுக்கு 10, அறிவியல் கண்காட்சிக்கு நிலையைப் பொறுத்து 2, 5, 10, ஒலிம்பியாட் போன்ற போட்டிகளுக்கு 5 வரை, விளையாட்டுக்கு 5 வரை, சாரணர், என்.சி.சி., என்.எஸ்.எஸ். உறுப்பினருக்கு 5, ஊராட்சிப் பகுதிப் பள்ளியில் படித்தால் 15. நெல்லிக்குப்பம் தாண்டியுள்ள ஊராட்சிப் பள்ளி மாணவி சாரணராகவும் இருந்து மாவட்டக் கண்காட்சியில் பங்கேற்றும் இருந்தால், நகரத்துப் பள்ளி மாணவியைவிட 15 முதல் 25 மதிப்பெண் வரை முன்னால் நிற்கலாம். 7ஆம் வகுப்பிலேயே மன்றத்தில் சேரச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

10ஆம் வகுப்பில் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா?

புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே நடப்பதை டிசம்பர் வரை வாரம் ஒரு மணி நேரம் தொடரலாம். பொறுப்பை 9ஆம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்து, அருகில் இருந்து பழக்குவது போதும்.

சான்றிதழ்களை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும்?

லேமினேட் செய்யாதீர்கள். கலந்தாய்விலோ சரிபார்ப்பிலோ பின்பக்கம் முத்திரை, கையெழுத்து கேட்டால் சிக்கல். பிளாஸ்டிக் உறை போட்ட கோப்பு போதும். வெள்ளம் புகும் தெருவில் வீடு இருந்தால் பரணில் வையுங்கள், ஸ்கேன் செய்து மின்னஞ்சலிலும் ஒரு பிரதி.

பெயரையும் முன்னெழுத்தையும் அன்றைக்கே பாருங்கள். ஆதாரில் "மதன்குமார் கே", பள்ளிப் பதிவில் "கு. மதன் குமார்", சான்றிதழில் "மதன்" என்று மூன்று ஆளாக நிற்கும் பிள்ளைகள் ஏராளம். போட்டிக்குப் பெயர் தரும்போதே பள்ளிப் பதிவில் உள்ளபடி எழுதிக் கொடுங்கள். தவறு வந்துவிட்டால் ஒரு மாதத்துக்குள் நடத்திய துறைக்குத் தலைமையாசிரியர் வழியாகக் கடிதம் கொடுங்கள். பரிசுப் பட்டியல் நகலையும், நாளிதழில் வந்திருந்தால் அந்தத் துணுக்கையும் கடிதத்தோடு வையுங்கள். சான்றிதழ் தொலைந்தாலும் இதே வழிதான். அப்போது மன்றத்தின் கூட்டக் குறிப்பு நோட்டில் அந்தத் தேதியில் எழுதியிருக்கும் பக்கத்தின் நகலில் தலைமையாசிரியர் சான்றொப்பம் வாங்கி இணையுங்கள்.